வெள்ளையடித்த கூரை வீடு

ஆன்ட்டி வீட்டுக்கு யாரோ வரப்போகிறார்கள் என்பது எங்கள் தெருவுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். காலையிலேயே துடைப்பச் சத்தம் கேட்கும். அடுத்து, கூட்டிக் குவித்த முந்திரிச் சருகு எரிகிற புகை வரும். பிறகு ஆன்ட்டியே எங்கள் கேட்டில் கை வைத்தபடி, "பாப்பா, அந்த நீலச் சேரு ரெண்டையும் கொஞ்சம் எடுத்துகினு போவட்டுமா?" என்பார். அந்த நீல நாற்காலிகள் எங்களைவிட அவர் வீட்டு விருந்தாளிகளைத்தான் அதிகம் சுமந்திருக்கும்.

வருகிறவர் பெரிய மனிதராக இருக்க வேண்டிய அவசியமில்லை. சிலிண்டர் கொண்டுவருகிறவர், ரேஷன் கார்டு விசாரிக்க வந்த பெண், பூத் சிலிப் கொடுக்க வந்த வாத்தியார், யாராக இருந்தாலும் ஆன்ட்டிக்கு விருந்தாளிதான். நாற்காலி போட்டு உட்கார வைத்து, பூப்போட்ட கப்பில், அதே பூப்போட்ட சாஸரோடு டீ கொடுக்காமல் அனுப்ப மாட்டார். சிலிண்டர்காரர் ஒரு தடவை சாஸரை என்ன செய்வதென்று தெரியாமல் முழித்துவிட்டு, டீயை அதில் ஊற்றி ஆற்றிக் குடித்தார். "நல்ல பழக்கங்க, வாய் சுடாது" என்று ஆன்ட்டி அவரைப் பாராட்டினார். ஆன்ட்டியின் வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே, "எமன் வந்தாக்கூட இவ சேரப் போட்டு ஒக்கார வச்சி, டீ குடுத்துட்டுத்தான் என்னை அனுப்புவா" என்பார்.

தன்னை ஆன்ட்டி என்று கூப்பிடச் சொன்னதும் ஆன்ட்டியேதான். நாங்கள் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். அங்கே எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்து சேர்ந்த குடும்பங்கள். ஆளுக்கொரு முறை வைத்துக் கூப்பிட்டால் குழப்பம் என்று, எல்லாப் பெண்களும் ஆன்ட்டி, எல்லா ஆண்களும் அங்கிள். அப்பா சுரங்கத்தில் பெர்மனண்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனதும், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பக்கத்து ஊரான வடக்குத்தில் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். பக்கத்து மனையில் ஒரு கூரை வீடு. வந்த அன்று நான் அவரை "அத்தை" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "டவுன்ஷிப்புல இருந்து வந்த புள்ள நீ, ஆன்ட்டின்னு கூப்புடேன்" என்றார். அவர் வீட்டுக்காரரோ, "என்னை அங்கிள்ன்னு கூப்ட்டன்னா திரும்பியே பாக்க மாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் ஒரே வீட்டில் எனக்கு ஓர் ஆன்ட்டியும் ஒரு மாமாவும் கிடைத்தார்கள்.

ஆன்ட்டி பல வருஷம் டவுன்ஷிப்பில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவர். பெரிய ஆபீசர் யாராவது விசிட் வருகிறார் என்றால், அதற்கு முன்பு ரோட்டைச் சிங்காரிக்கிற வேலை அது. டவுன்ஷிப்பில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் பால் வாங்க வெளியே வந்தால், ரோட்டோரக் கல்லெல்லாம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். மரங்களெல்லாம் இடுப்பு வரை சுண்ணாம்பு பூசிக்கொண்டு, நடுவே காவிப் பட்டை கட்டி நிற்கும். யாரோ வருகிறார்கள் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். யார் என்று கடைசி வரை தெரியாது. நான் சின்ன வயதில் பார்த்த வெள்ளை மரங்களில் பாதிக்குச் சுண்ணாம்பு பூசியது ஆன்ட்டியின் கை என்பது, வடக்குத்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் கதைகளை அவர் சலிக்காமல் சொல்வார். மரத்தின் முன்பக்கம் மட்டும் பூசினால் போதும், காரில் போகிறவர் பின்பக்கம் பார்க்கவா போகிறார் என்று கான்ட்ராக்டர் அவசரப்படுத்துவாராம். ஆன்ட்டி கேட்க மாட்டார். சுற்றிச் சுற்றிப் பூசுவார். "ஆபீசரு அவசரத்துக்கு வண்டிய நிறுத்தி, எறங்கி மரத்துக்குப் பின்னால போனாருன்னா? மானம் போயிடுமா இல்லியா?" என்று என்னைக் கேட்பார். யாருடைய மானம் என்று நான் கேட்டதில்லை.

இப்படி, ஆபீசர் வருகிறார் என்றால் வெள்ளையடிக்க வேண்டும் என்பது அவருக்கு மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டது. வேலையை விட்ட பிறகும் அது அவரை விடவில்லை.

இனி அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண் சுவர், தென்னங்கீற்றுக் கூரை. சுவரில் மாதா படம், கிறிஸ்துமஸுக்கு வாங்கி வருஷம் முழுக்கத் தொங்குகிற காகித நட்சத்திரம். உள்ளே நுழைந்ததும் ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் அறைக்குள் அங்கங்கே தொட்டிச் செடிகள் இருக்கும். ஒரு குரோட்டன்ஸ், ஒரு மணி பிளாண்ட், ஓரத்தில் ஒரு பெரணி. பெரிய ஆபீசர் பங்களா மாதிரி இருக்கிறதே என்று நானும் முதலில் நினைத்தேன். ஒரு மழை நாளில் போனபோதுதான் விஷயம் புரிந்தது. கூரையில் எங்கெங்கே ஓட்டையோ, அதற்கு நேர் கீழே ஒரு தொட்டி. புதிதாக ஒரு இடத்தில் ஒழுகினால் ஆன்ட்டி புதிதாக ஒரு செடி வைப்பார். நான் அண்ணாந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "செடிக்குத் தண்ணி ஊத்துற வேல மிச்சம் பாப்பா" என்றார். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

மாமாவால் மட்டும் அதைச் சிரித்துக் கழிக்க முடியவில்லை. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தபோது கிடைத்த நெஞ்சுச் சளியும் இளைப்பும் அவருக்கு நிரந்தரமாகிவிட்டன. போன மழைக் காலத்தில் மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஈரத்தில் படுக்க வைக்காதீர்கள், இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் ஆன்ட்டியிடம் நேராகவே சொன்னார். ஆன்ட்டி தலையாட்டிவிட்டு வந்து, கட்டிலை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்திப் போட்டார். அந்த மூலைக்குப் பக்கத்தில் இருந்த மேற்குச் சுவர் ஈரம் குடித்து, வயிறு தள்ளி நின்றது. அடுத்த மழைக்கு அது நிற்காது என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் ஊரில் பேச்சு வந்தது. கூரை வீடுகளை எடுத்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டிக்கொள்ள அரசாங்கம் பணம் தருகிறது, கணக்கெடுக்க வரப்போகிறார்கள் என்று. சொந்த மனை வேண்டும், பட்டா வேண்டும், இருக்கிற வீடு குடிசையாக இருக்க வேண்டும். மூன்றும் ஆன்ட்டிக்கு இருந்தன. பட்டாவும் அவர் பெயரிலேயே இருந்தது, அவருடைய அப்பா எழுதி வைத்தது. "இந்தத் தெருவுல உனக்குத்தான் முதல்ல கிடைக்கும், பாத்துக்கோ" என்று அம்மா சொன்னாள். அம்மாவுக்கு சாத்தூர் பக்கம். எதையும் அடித்துச் சொல்வாள்.

ஓவர்சீயர் வருகிறார் என்ற சேதி ஆன்ட்டிக்கு வந்து சேர்ந்தது. அங்கேதான் எல்லாம் கெட்டுப்போனது.

ஆபீசர் வருகிறாரே. ஆன்ட்டி சுண்ணாம்பு வாங்கி வந்தார். மண் சுவருக்கு ஒரு கோட்டுக்கு இரண்டு கோட்டாகப் பூசினார். வயிறு தள்ளிய மேற்குச் சுவரின் மேல் மல்லிகைப்பூ டிசைன் போட்ட திரையைத் தொங்கவிட்டார். கூரை மேல் வெயிலில் மின்னுகிற புது நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். எங்கள் வீட்டு நாற்காலிகள் போதாதென்று, எங்கள் டேபிள் ஃபேனும் டீப்பாயும் போயின. வாசலில் இருந்த வேப்பமரத்துக்கு இடுப்பு வரை வெள்ளை, நடுவில் காவிப் பட்டை. தான் ஈஸ்டருக்கு மட்டும் உடுத்துகிற பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, மாமாவுக்கும் சட்டை போட்டு, பவுடர் பூசி உட்கார வைத்துவிட்டார். பவுடர் வாசத்தில் மாமாவுக்குத் தும்மல் நிற்கவில்லை.

ஓவர்சீயரும் வார்டு மெம்பரும் வந்தார்கள். ஓவர்சீயர் வாசலிலேயே நின்று, கையில் இருந்த பட்டியலையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கூரை வீடுன்னு போட்டிருக்கே. எங்கம்மா கூரை?"

"உள்ள வாங்க சார், மொதல்ல ஒக்காருங்க. ஃபேன் போடுறேன்" என்றார் ஆன்ட்டி.

அவர் உட்கார்ந்தார். கப்பும் சாஸரும் வந்தன. அவர் செடிகளைச் சுற்றிப் பார்த்து, "நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றார். ஆன்ட்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

"மழைக்கு ஒழுகுமா?"

"சேச்சே. ஒரு சொட்டு வராதுங்க."

வார்டு மெம்பர் பின்னால் நின்றுகொண்டு கண்ணைக் காட்டினார், இருமினார், தலையில் கை வைத்துக்கொண்டார். ஆன்ட்டி அவரைப் பார்த்து, "தண்ணி வேணுங்களா?" என்று கேட்டார். மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது தும்மல் வந்துவிட்டது.

"சுவரெல்லாம்?"

"கல்லு மாதிரி இருக்குதுங்க."

ஓவர்சீயர் நல்ல மனிதர்தான். பார்த்ததை எழுதிக்கொண்டு, டீக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். பணம் கிடைக்கப்போகிறவர்களின் பட்டியல் வந்தபோது எங்கள் தெருவில் இருந்த மற்ற கூரை வீடுகள் எல்லாம் அதில் இருந்தன. ஆன்ட்டியின் வீடு நல்ல நிலையில் இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

அம்மாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நேராகப் போய், "ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாயில இருந்து முத்தா உதிர்ந்துரும்?" என்று கத்தினாள்.

ஆன்ட்டி முந்தானையைச் சுருட்டிக்கொண்டே நின்றார். "வூட்டுக்கு வந்தவங்ககிட்ட போயி, எங்க வூடு ஒழுகுதுன்னு எப்பிடிக்கா சொல்றது? நாளைக்கு அவுரு அவுங்க வூட்ல போயி நம்மளப் பத்தி இன்னா சொல்லுவாரு?"

"உன்னப் பத்தி அவர் எதுக்குடி அவங்க வீட்டுல பேசப் போறாரு?"

பேசத்தான் செய்வார் என்று ஆன்ட்டி உறுதியாக நம்பினார். எனக்கு அன்று சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. உள்ளே மாமா இளைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பெயர் விட்டுப்போன சேதி பரவியதும் ஒரு மனை புரோக்கர் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். இந்த வீடு மழைக்கு நிற்காது, மனையைக் கொடுத்துவிட்டு வடலூரில் வாடகைக்குப் போய்விடுங்கள் என்று தேனாகப் பேசினார். ஆன்ட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்வது மரியாதை இல்லையே. கப்பும் சாஸரும் வந்தன. புரோக்கர் காரியம் முடிந்தது என்று நினைத்து, அடுத்த வாரம் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு இடத்தை அளக்கவே வந்துவிட்டார். அவருக்கும் டீ. கடைசியில் மாமாதான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "அவ டீதான் குடுப்பா, எடம் குடுக்க மாட்டா. நீ இந்தாண்ட வராத போ" என்று விரட்டினார். ஆன்ட்டி மாமாவை முறைத்த முறைப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து சொன்னால் மறுபடி பார்க்க வருவார்கள் என்று வார்டு மெம்பர் வழி சொன்னார். அம்மா ஆன்ட்டியை உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தாள். அம்மாதான் ஓவர்சீயர்.

"வீடு எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்குங்க."

"ஏண்டி!"

"வாய் தானா வருதுக்கா, நான் இன்னா பண்ண?"

இரண்டு நாள் போராட்டத்துக்குப் பிறகு, "கொஞ்சம் ஒழுகுதுங்க" என்பது வரை கொண்டுவந்தோம். அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். கூட்டத்தில் அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். ஆன்ட்டி எழுந்து, ஈஸ்டர் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "எல்லாருக்கும் வணக்கங்க. பஞ்சாயத்துல தண்ணி நல்லா வருதுங்க. தெரு வெளக்கும் எரியுதுங்க. ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கைதட்டினார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் எழுந்து, இவர் வீட்டை மறுபடி வந்து பாருங்கள் என்று சொன்னேன். தலைவர் சரி என்றார்.

மழை பிடிக்கத் தொடங்கியிருந்தது. மாமாவுக்கு இளைப்பு கூடிவிட்டது. இந்தத் தடவையும் ஆன்ட்டி வெள்ளையடித்தால் இனி யாரும் வர மாட்டார்கள். அதனால் அம்மா ஒரு திட்டம் போட்டாள். ஓவர்சீயர் வருகிற நாளை ஆன்ட்டியிடம் சொல்லவே இல்லை. அன்று காலையில், "வடலூர் வரைக்கும் துணைக்கு வா, எனக்குப் புடவை எடுக்கணும்" என்று அவரை பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். என்னை ஆன்ட்டி வீட்டில் மாமாவுக்குத் துணையாக உட்கார வைத்தாள். நீலத் தார்ப்பாய் ஏற்கெனவே காற்றில் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

வந்தது வேறு ஓவர்சீயர், சின்ன வயசுப் பெண். மழைக்கோட்டுடன் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. உள்ளே மாமா முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் உரச் சாக்கைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆன்ட்டி இல்லாததில் அவருக்குத்தான் எவ்வளவு உற்சாகம். "இந்தாண்ட பாருங்கம்மா, அந்தத் திரைய வெலக்கிப் பாருங்க" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஓவர்சீயர் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். எல்லாம் சரியாகப் போகிறது என்று நான் நினைத்தேன்.

அப்போது ஆன்ட்டி வாசலில் நின்றார், தலை முதல் கால் வரை நனைந்து. பஸ் வரத் தாமதமாகியிருக்கிறது. அந்த வழியாக பைக்கில் போன வார்டு மெம்பர், நல்ல எண்ணத்தில், "யம்மா, இங்க நின்னுகினு இருக்கீங்க? ஓவர்சீயரம்மா உங்க வூட்டுக்குத்தான் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆன்ட்டி அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

அவர் உள்ளே பார்த்த பார்வை எனக்கு மறக்காது. கூட்டாத தரை. அவிழ்த்துப்போட்ட துணி. தலையில் உரச் சாக்கோடு புருஷன். நடுவில் ஒரு விருந்தாளி நின்றுகொண்டிருக்கிறார்.

"ஒரு சேரு கூடப் போடலியா பாப்பா?" என்று என்னைத்தான் கேட்டார். குரல் உடைந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து, கூரையிலிருந்து ஒரு சொட்டு ஓவர்சீயரின் உச்சந்தலையில் விழுந்தது. அடுத்தது அவர் போன் மேல். ஆன்ட்டி யோசிக்கவே இல்லை. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடையை எடுத்து, வீட்டுக்குள்ளேயே விரித்து, அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் பிடித்தார். அவர் சுவர்ப் பக்கம் நகர்ந்தால் குடையும் நகர்ந்தது. கட்டில் பக்கம் வந்தால் குடையும் வந்தது. ஆன்ட்டி குடைக்கு வெளியே, சொட்டுச் சொட்டாக நனைந்துகொண்டிருந்தார். குடை மேல் தண்ணீர் விழுகிற சத்தம் அந்தச் சின்ன அறை முழுக்கக் கேட்டது.

ஓவர்சீயர் நின்று, ஆன்ட்டியைத் திரும்பிப் பார்த்தார். "வீடு ஒழுகுதாம்மா?"

ஆன்ட்டி குடையை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்தார். "இல்லீங்க. இன்னைக்கித்தான் லேசா."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. அவர் குடையை விட்டு வெளியே வந்து, நாலடி தள்ளிப் போய் நின்று, போனைத் தூக்கினார். "அப்படியே நில்லுங்கம்மா."

"ஐயோ வேணாங்க. ஒரு நிமிஷம் இருங்க, பொடவ மாத்திகினு வந்துர்றேன்."

"இப்பிடியே இருங்க. இதுதான் வேணும்."

யாருக்கும் மேலே இல்லாத குடையைப் பிடித்துக்கொண்டு, நனைந்த புடவையோடு ஆன்ட்டி நின்றார். படம் எடுத்து முடித்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பாவமாக இருந்தது. அந்த நேரத்தில் அவருக்கு வீடு கிடைப்பதைவிட, நாலு நாற்காலி கிடைத்தால் போதும் என்று எனக்கே தோன்றியது.

அதற்குப் பிறகு ஆன்ட்டி எங்களோடு பேசவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம செஞ்சிட்டீங்களேக்கா" என்று அம்மாவிடம் சொன்னதோடு சரி. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பாத்திரம் கழுவுகிற சத்தத்திலேயே கோபம் தெரியும். அம்மாவும் வீம்புக்குப் பேசவில்லை, ஆனால் தினமும் குழம்பு வைக்கும்போது ஒரு கிண்ணம் கூடவே வைத்து, என்னிடம் கொடுத்துவிடுவாள். கிண்ணம் கழுவித் துடைத்துத் திரும்பி வரும். ஆளின் குரல் வராது. பேச்சு திரும்ப வந்தது பட்டியலோடுதான். கூடுதல் பெயர்களில் ஆன்ட்டியின் பெயர் இருந்தது. அன்று சாயங்காலம் எங்கள் கேட்டில் கை வைத்துக்கொண்டு அவர் நின்றார். "அக்கா, பஞ்சாயத்துல இருந்து ஆர்டர் குடுக்க வராங்களாம். அந்த நீலச் சேரு..." என்று இழுத்தார். அம்மா நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

பழைய வீட்டைப் பிரிப்பதற்கு முந்தின நாள் ஆன்ட்டி அதற்கு வெள்ளையடித்தார். நாளைக்கு இடிக்கப் போகிற சுவருக்கு எதற்கு என்று நான் கேட்டேன். அவர் மூலை முடுக்கெல்லாம் பூசிக்கொண்டே இருந்தார். "செத்தவங்களக் குளிப்பாட்டி அனுப்புறோமில்ல, அது மாதிரின்னு வச்சிக்க" என்றார் மாமா. மாமாவை மழை முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டு முன் அறையில் படுக்க வைத்தோம். ஆன்ட்டி பின்பக்கம் கொட்டகை போட்டுக்கொண்டு, தினமும் காலையில் அந்தக் கொட்டகை வாசலிலும் கோலம் போட்டார்.

அரசாங்கப் பணம் மொத்தமாக வராது. அடித்தளம் போட்டதும் ஒரு படம், ஜன்னலுக்கு மேல் மட்டம் வந்ததும் ஒரு படம், தளம் போட்டதும் ஒரு படம் என்று எடுத்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்த தவணை வரும். ஒவ்வொரு படத்திலும் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் முன்னால் நிற்க வேண்டும். அந்த ஓவர்சீயர் பெண் முதல் படத்துக்கு வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா, அடித்தளத்துக்கு எதுக்குக்கா வெள்ளையடிச்சீங்க?"

"நீங்க வரீங்கன்னு சொன்னாங்க" என்றார் ஆன்ட்டி, ஈஸ்டர் புடவையில்.

"கட்டுன கல்லு தெரியணுங்க்கா. சிமெண்ட் கலவை எப்பிடி இருக்குன்னு பாக்கணும்."

ஆன்ட்டி தண்ணீரை ஊற்றி, தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்து, சுண்ணாம்பைக் கழுவிவிட்டார். அதற்குள் சூடாக டீ வந்துவிட்டது. அடுத்த தடவையிலிருந்து அந்தப் பெண் சொல்லாமல்தான் வந்தார். எப்படியோ ஆன்ட்டிக்கு அதுவும் தெரிந்துவிடும். படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், வீடு கொஞ்சம் கொஞ்சமாக உயர்வது தெரியும். முன்னால் நிற்கிற ஆள் எல்லாவற்றிலும் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருப்பார். ஒரே ஒரு படம் தவிர. அந்தக் குடைப் படம் எங்கே இருக்கிறது, அதை அழிக்க முடியுமா என்று அந்தப் பெண்ணிடம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வீடு முடிந்து ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்த அன்று கூட்டமான கூட்டம். அன்று ஆன்ட்டி யாரையும் சும்மா உட்கார விடாமல் உபசரித்ததால், அது வீடு மாதிரியே இல்லை, டவுன்ஷிப்பில் ஒரு விசிட் நாள் மாதிரிதான் இருந்தது. தரையில் ஒரு தண்ணீர்ச் சொட்டு விழுந்தால்கூட ஓடி வந்து துடைத்தார். மாமா புதுச் சுவரில் முதுகு சாய்க்கப் போனபோது, "எண்ணெ ஒட்டும், தள்ளி ஒக்காரு" என்று அவரை வெளியே அனுப்பினார். இந்த மனிதருக்கு இனி தன் வீட்டில் சாய்ந்து உட்காரவே கொடுப்பினை இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. கிளம்புகிற சமயம் நல்ல மழைக் காலம். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஆன்ட்டியிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று ஒரு மத்தியானம் கொட்டுகிற மழையில் ஓடினேன். வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை.

கதவு திறந்திருந்தது. ஹால் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, ஈரத் துணிகள் தொங்கின. அடுப்படி ஓரத்தில் சாப்பிட்ட தட்டுகள் அப்படியே கிடந்தன. வெங்காயத் தோல் ஃபேன் காற்றில் தரை முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. சுவரில், சரியாக ஒரு தலை சாய்கிற இடத்தில், எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருந்தது. மாமா கட்டிலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். மூச்சு சீராக வந்தது. இளைப்பே இல்லை. அந்த மனிதர் அப்படித் தூங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆன்ட்டி நைட்டியோடு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, வெறுந்தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்தார். நான் அவர் பதறி எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தேன். துடைப்பம் எங்கே, நாற்காலி எங்கே என்று ஓடப் போகிறார் என்று நினைத்தேன்.

"பாப்பாவா? வா. அந்தத் துணியத் தள்ளிவுட்டுட்டு ஒக்காரு" என்றார். எழுந்திருக்கவில்லை.

"நான் ஊருக்குக் கிளம்புறேன் ஆன்ட்டி."

"அடுப்புல டீ இருக்குது, ஊத்திக்க. டம்ளரு எதுவும் கழுவல, ஒண்ண எடுத்து நீயே கழுவிக்க."

நான் ஒரு டம்ளரைக் கழுவி, டீயை ஊற்றிக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். டீ ஆறிப் போயிருந்தது. ஆனாலும் அதைச் சந்தோஷமாகக் குடித்தேன். மேலே தளத்தில் மழை தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது. ஆன்ட்டி கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லா பெய்யட்டும் பாப்பா" என்றார்.